மட்டக்களப்பிலிருந்து நல்லதண்ணி வரை: படியேறும் முன்பே கால் ஓய்ந்த கதை

சிவனொளிபாத மலைக்குப் போகப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எல்லோரும் எனக்குப் படிகளைப் பற்றியே சொன்னார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், 2,243 மீற்றர் உயரம், இறங்கும்போதுதான் முழங்கால் நோகும், உச்சியில் குளிர் எலும்பைத் துளைக்கும் என்று போய்வந்தவர்கள் ஆளுக்கொரு பயத்தை ஊட்டினார்கள். எங்கள் ஊரில் மேடு என்று சொல்லக்கூடியது கல்லடிப் பாலம் மட்டும்தான். ஆகவே இரண்டு மாதங்கள் மாலை தோறும் அந்தப் பாலத்தில் நடந்தேன். நான் படிப்பிக்கும் பாடசாலையின் மூன்று மாடிக் கட்டடத்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பின்னர் ஏறி இறங்கினேன். மலையடிவாரத்திலுள்ள நல்லதண்ணிக்குப் போய்ச் சேர்வதற்கே ஒரு முழு நாள் பேருந்தில் இருக்க வேண்டும் என்பதும், அந்த ஒரு நாள் இரண்டு மாதப் பயிற்சியையும் விழுங்கிவிடக்கூடும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் நான்கு ஆசிரியைகள் போவதாகத்தான் ஏற்பாடு. ஒருவருக்கு மகனின் காய்ச்சல், ஒருவருக்கு மாமியாரின் மறுப்பு, மூன்றாமவர் காரணமே சொல்லவில்லை. அறைக்கு முற்பணம் கட்டியிருந்த நான், வீம்புக்காகத் தனியே புறப்பட்டேன். யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசி வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. அந்த மாதங்களில்தான் பாதை நெடுகிலும் மின்விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் இரவு முழுவதும் திறந்திருக்கும், பேருந்துகளும் கூடுதலாக ஓடும். மற்றைய மாதங்களில் இருட்டும் மழையும் அட்டையும்தான் துணை. ஆசிரியர்களாகிய எங்களுக்கு அந்தக் காலத்துக்குள் அகப்படுவது சித்திரை விடுமுறை என்பதால் புத்தாண்டுக்கு நான்கு நாள் முன்னதாக ஒரு திகதியைக் குறித்தேன். அதுவே முதற்பிழை. அந்த வாரத்தில் நாடு முழுவதும் சொந்த ஊருக்குப் போகிறது. கண்டியிலிருந்து எந்தத் திசைக்குப் போகும் பேருந்திலும் கால் வைக்க இடம் இருக்காது. புத்தாண்டு நாளுக்கு நெருங்கிவிட்டாலோ பேருந்தே இருக்காது. சித்திரையில் போக விரும்புபவர்கள் ஒன்றில் மாதத் தொடக்கத்தில் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் புத்தாண்டு கழிந்து ஒரு வாரம் பொறுக்க வேண்டும். பௌர்ணமியையும் சனி, ஞாயிறையும் தவிர்ப்பது எப்போதும் நல்லது.

அதிகாலை ஐந்து மணிக்குக் கண்டி பேருந்தில் ஏறினேன். நான்கரைக்கே வந்துவிட்டேன் என்றாலும் முன் ஆசனங்கள் எல்லாவற்றிலும் பைகள் இருந்தன. கடைசிக்கு முந்திய வரிசையில் ஓர் ஓரம் கிடைத்தது, அதையே பெரிய அதிர்ஷ்டமாக நினைத்தேன். அக்கா கட்டித் தந்த புட்டும் மீன்குழம்பும் மடியில் சூடாக இருந்தன. செங்கலடியில் திரும்பி, கறுத்தப்பாலம் தாண்டி, கரடியனாறு, புல்லுமலை என்று நேர்ப்பாதையில் வண்டி ஓடும்போது விடிந்துகொண்டு வந்தது. வயல்வெளிகளும் காடும் மாறி மாறி வந்த அந்த இரண்டு மணிநேரத்தைப் போல இனிமையான பயணம் எனக்கு வாய்த்ததில்லை. மகாஓயாவைக் கடந்ததும் பொதியைப் பிரித்து முழுவதையும் சாப்பிட்டேன். பதியத்தலாவையில் பதுளை வீதி பிரிந்து போவதைக் காட்டி, அந்தப் பக்கமாகவும் மலைக்குப் போகலாம் என்று பக்கத்திலிருந்த ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அப்போது அதை நான் பொருட்படுத்தவில்லை.

மகியங்கனையைத் தாண்டி ஹசலகவை அடைந்ததும் சமநிலம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து ஹுன்னஸ்கிரிய நோக்கி ஏறும் வீதியில்தான் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற பகுதி இருக்கிறது. வீதி முன்பைவிட அகலமாக்கப்பட்டுள்ளது, பயப்பட ஒன்றுமில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். பள்ளத்தைப் பார்த்து நான் பயப்படவும் இல்லை. என்னைக் கவிழ்த்தது வயிறு. ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் பேருந்தின் பின்பகுதி வீசி எறியப்படுவது போலத் திரும்புகிறது. மூன்றாவது வளைவில் வாயில் நீர் ஊறியது, ஐந்தாவதில் கைகள் சில்லிட்டன. கவனத்தைத் திருப்பலாம் என்று கைத்தொலைபேசியை எடுத்துப் படங்களைப் பார்க்கத் தொடங்கியது அடுத்த முட்டாள்தனம். காதின் உட்பகுதி உடல் சுழல்கிறது என்று சொல்ல, கண்கள் அசையாத திரையைப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல, மூளை அந்த முரண்பாட்டைத் தாங்காமல் வயிற்றின் மீது பழியைப் போடுகிறது. விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்கே அந்த நேரம் இது நினைவுக்கு வரவில்லை. சத்தி வந்தபோது கையில் ஒரு சொப்பிங் பைகூட இல்லை. என் சால்வையில்தான் எடுத்தேன். பேருந்து முழுவதும் மீன்குழம்பு மணந்தது. அன்று பட்ட வெட்கத்தை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

முன் வரிசையிலிருந்து வயதான ஒரு சிங்கள அம்மா எழும்பி வந்து, "துவ" (மகள்) என்று அழைத்து, தன் பையிலிருந்த தேசிக்காயை நகத்தால் கீறி என் கையில் வைத்து முகரச் சொன்னார். பிறகு தன் யன்னலோர ஆசனத்தை எனக்குத் தந்துவிட்டு என்னுடைய இடத்துக்குப் போய் அமர்ந்தார். அந்த ஆசனத்தில் இருந்து, தூரத்து மலைவிளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டு வந்த பத்து நிமிடங்களில் குமட்டல் பாதியாகக் குறைந்தது. இடம் எவ்வளவு முக்கியம் என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் ஆசனம் மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதால் அதை விட்டு, இரண்டாவதிலிருந்து நான்காவது வரிசைக்குள் யன்னலோரமாக ஓர் இடத்தைப் பிடியுங்கள். அது கிடைக்காவிட்டால், முடியுமானால், அடுத்த பேருந்து வரை காத்திருங்கள். பின்வரிசையில் இருந்து மலையேறுவதைவிட ஒரு மணிநேரம் தரிப்பிடத்தில் நிற்பது எவ்வளவோ மேல். காலையில் எண்ணெயும் புளியும் இல்லாத ஏதாவது, இரண்டு துண்டுப் பாணோ பிஸ்கட்டோ போதும். வெறும் வயிறும் கூடாது. நான்கைந்து பைகளை, ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, மடியிலேயே வைத்திருங்கள்.

மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் நாளின் மீதிப் பாதியைக் கெடுத்தது அதுதான். பயணச் சத்திக்கான மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்னரோ, வளைவுகள் தொடங்குவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணிநேரம் முன்னரோ போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் வயிறு தன் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடுவதால் விழுங்கியது உடலில் சேர்வதில்லை. சேர்வதற்குள் வெளியே வந்துவிடும். ஹசலக தாண்டி வளைவுகளில் வயிறு புரளத் தொடங்கிய பின் நான் போட்ட மாத்திரைக்கு அதுதான் நடந்தது. அதற்குப் பதிலாக, கண்டியில் இறங்கியதும், காலியான வயிற்றில் இரண்டு மாத்திரைகளை ஒன்றாக விழுங்கினேன். இவற்றில் பெரும்பாலானவை கடும் தூக்கத்தைத் தருபவை என்று மாத்திரை அட்டையில் எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை. வேறு நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரிடம் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது. மற்றவர்கள்கூட ஒரு விடுமுறை நாளில் வீட்டில் ஒன்றைப் போட்டு, அது தங்களை எவ்வளவு தூங்க வைக்கிறது என்று பார்த்துக்கொண்டால் நல்லது.

கண்டியில், நல்லதண்ணிக்கு வண்டி மாற வேண்டிய ஹட்டனுக்குப் போகும் பேருந்துகள் இரண்டு என் கண்முன்னே நிரம்பி வழிந்து போயின. மூன்றாவதற்கு நிற்கத் தெம்பில்லாமல் இருந்தபோது, நுவரெலியா பேருந்தின் நடத்துநர், "அக்கா, இதுல ஏறுங்க, கம்பளையில எறங்கினா ஹட்டன் பஸ் எடுக்கலாம்" என்றார். அவர் சொன்னது சரிதான். கண்டியிலிருந்து கம்பளை வரை பாதை ஒன்றே. அங்கிருந்து ஒன்று நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கும் மற்றது புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கும் பிரிகிறது. இந்த முறை இரண்டாவது வரிசையில் ஆசனமும் கிடைத்தது. பேராதனைப் பாலத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை. கண் விழித்தபோது பேருந்துக்குள் இருட்டாக இருந்தது, பயணிகள் சிலர் கூவினார்கள், எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நெஞ்சு திடுக்கிட்டது. அது இறம்பொடைச் சுரங்கப்பாதை. கம்பளை எப்போதோ கழிந்துவிட்டது. நடத்துநர் கம்பளையில் கூவியிருக்கிறார், அந்த நெரிசலில் நான் இறங்கிவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். திரும்பிப் போவதைவிட நுவரெலியா போய் அங்கிருந்து ஹட்டன் பேருந்து எடுப்பதே வசதி என்று அவரும் மற்றவர்களும் சொன்னார்கள். தனியாகப் பயணம் செய்பவர் இடையில் வண்டி மாற வேண்டியிருந்தால் தொலைபேசியில் எழுப்பும் மணியை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடமும் இறங்கும் இடத்தைச் சொல்லி வைக்க வேண்டும். இவ்வளவு சிறிய ஒரு காரியத்தைச் செய்யாததற்கு நான் கொடுத்த விலை ஆறு மணிநேரம்.

அந்த ஆறு மணிநேரத்திலும் பெரும்பகுதியைத் தின்றது நுவரெலியாவின் வசந்த காலம். சித்திரை மாதத்தில் கொழும்பே மலையேறி அந்த ஊருக்கு வந்துவிடுகிறது என்பதை நான் பத்திரிகையில் படித்திருந்தேன், அந்த வாகன வரிசையின் வாலில் ஒருநாள் நானே நிற்பேன் என்று எண்ணவில்லை. இறம்பொடையிலிருந்து நகருக்குள் போய்ச் சேர இரண்டரை மணிநேரம் எடுத்தது. இறங்கியபோது மாலை ஐந்தே முக்கால், தூறல் வேறு. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் ஏறக்குறைய ஆறு பாகை வெப்பம் குறையும் என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவள் நான். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் மட்டக்களப்பைவிடப் பத்துப் பாகைக்கு மேல் குறைவாக இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் என்னுடைய கம்பளிச் சட்டை, மலையுச்சிக்கென்று கவனமாக மடிக்கப்பட்டு, பேருந்தின் பின்பெட்டியில் வைத்த பெரிய பையின் அடியில் கிடந்தது, அதற்குள் மழை இறங்கி நனைந்தும் இருந்தது. பருத்திச் சேலையோடு நடுங்கி நின்று, சந்தையோரக் கடையில் 2,200 ரூபாய்க்கு ஒரு தடித்த மேற்சட்டை வாங்கினேன். பேரம் பேச வாய் ஒத்துழைக்கவில்லை, பற்கள் அடித்துக்கொண்டன. குளிராடை, மழையங்கி, மாத்திரை, பணம், அடையாள அட்டை ஆகிய ஐந்தும் மடியிலுள்ள சின்னப் பையில் இருக்க வேண்டும். பெரிய பைக்குள் உள்ள துணிகளைப் பொலித்தீனில் சுற்றியே அடுக்க வேண்டும்.

இந்த இடத்தில், பெண்கள் வாய்விட்டுப் பேசாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காலை ஐந்திலிருந்து மாலை ஆறு வரை நான் குடித்த தண்ணீர் நான்கு மிடறுகூட இல்லை. வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயத்தில் ஒரு லீற்றர் போத்தலை மூடி திறக்காமலே சுமந்துகொண்டு வந்தேன். மகியங்கனையில் தேநீருக்காகக் கால்மணி நேரம் நிறுத்தியபோதும், வரிசையைப் பார்த்துவிட்டு, கண்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசனத்திலேயே இருந்துவிட்டேன். சத்தியில் இருந்த நீரும் போய்விட்டது. இதனால் தலையிடித்ததை மாத்திரையின் வேலை என்று நினைத்தேன். வண்டி நிற்கும் இடமெல்லாம், தேவை இருக்கிறதோ இல்லையோ, முதலில் கழிப்பறைக்குப் போய்விடுங்கள், தேநீர் பிறகு. அவசரம் என்றால் நடத்துநரிடம் சொல்லுங்கள். பெண்கள் கேட்டால் எரிபொருள் நிலையத்திலோ கடையொன்றிலோ நிறுத்தித் தருவார்கள் என்பதைத் திரும்பி வரும்போது, ஒரு பிள்ளைத்தாய்ச்சி தயங்காமல் கேட்டதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். சில்லறைக் காசும் ஒரு சிறு சவர்க்காரமும் கையில் இருக்கட்டும்.

நானுஓயா, தலவாக்கலை வழியாக ஹட்டனை அடைந்தபோது இரவு எட்டே முக்கால். அந்தப் பாதையின் அருவிகளைப் பற்றி எல்லோரும் புகழ்வார்கள், எனக்கு யன்னலில் இருட்டு மட்டுமே தெரிந்தது. இறங்கிய இடத்திலேயே ஒரு முச்சக்கரவண்டிக்காரர் வந்து, நல்லதண்ணிக்குக் கடைசி பேருந்து போய்விட்டது என்றும், இனி விடியத்தான் என்றும் சொன்னார். அவர் தமிழில் பேசியதே எனக்கு ஆறுதலாக இருந்தது. காலையிலிருந்து மொழி தெரியாமல் விழித்துக்கொண்டு வந்தவளுக்கு, தன் மொழியில் ஒருவர் பேசினால் அவர் சொல்வதெல்லாம் உண்மை என்று தோன்றிவிடுகிறது. 6,000 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். டிக்கோயா, நோர்வூட் தாண்டி மஸ்கெலியாவில் அவர் சிகரெட் வாங்க வண்டியை நிறுத்தியபோது, நல்லதண்ணி என்று பலகை மாட்டிய பேருந்து ஒன்று எங்களைக் கடந்து போனது. யன்னலோரங்களில் காலி ஆசனங்கள்கூடத் தெரிந்தன. அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரமாகப் போகும்போது சத்தமில்லாமல் அழுதேன். பணத்துக்காக மட்டும் அழவில்லை.

தங்குமிடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐயா கதையைக் கேட்டுவிட்டு, "டைம்கீப்பரக் கேக்கலியாம்மா? சீசன்ல ராத்திரியிலயும் பஸ்சு வரும். ரோட்டுல நிக்கிறவன் சொல்றத நம்பலாமா?" என்றார். பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார், அவருடைய கூண்டு வரை நடந்து போய்க் கேட்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அலுத்துப்போன மனிதர் அருகில் உள்ளவரைத்தான் கேட்பார்.

அதோடு விட்டிருந்தாலும் தப்பியிருப்பேன். சூரிய உதயத்தைப் பார்ப்பதற்காக இரவு இரண்டு மணிக்கு ஏற வேண்டும் என்று திட்டம் போட்டுவிட்டோமே என்று, இரண்டரை மணிநேரத் தூக்கத்தோடு எழுந்து புறப்பட்டேன். தோரணத்தைக் கடந்தேன், சமாதானத் தூபியின் வெண்மை விளக்கொளியில் தெரிந்தது, தேயிலைத் தோட்டத்துப் பாதை மெல்ல ஏறியது. யாத்திரிகர்கள் கைகால் அலம்பும் சீத கங்குலவைத் தாண்டிப் படிகள் செங்குத்தாகத் தொடங்கும் இடத்தில் இரண்டு கெண்டைக்காலிலும் ஒரே நேரத்தில் தசை பிடித்துக்கொண்டது. கத்திவிட்டேன். ஏறுபவர்கள் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக்கூடாது என்பது அந்த மலையின் வழக்கம். நான் எவ்வளவு தூரம் இறங்க வேண்டும் என்று கேட்டேன். தேநீர்க் கடைக்காரர் ஒருவர் என்னை வாங்கில் கிடத்தி, ஜீவனி என்ற, நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்புத்தூள் பொதியைக் கரைத்துத் தந்து, "நேத்து முழுக்க என்ன குடிச்சீங்க?" என்று கேட்டார். பாலத்தில் நடந்த இரண்டு மாதங்களும் அந்தக் கேள்வியில் கரைந்துபோயின. விடியும் வரை அந்தக் கடையில் இருந்தேன். உதயத்தைப் பார்த்துவிட்டு இறங்கிய கூட்டம் என்னையும் பார்த்துவிட்டுத்தான் போனது.

முச்சக்கரவண்டிக்கு 6,000, இன்னோர் இரவு அறைக்கு 4,000, மேற்சட்டைக்கு 2,200, சுற்றிப் போன பேருந்துகளுக்குச் சுமார் 500 என்று மொத்தம் 12,700 ரூபாய் வீணாகியது. ஒரு நாள் போனது வேறு. மீண்டும் போவதென்றால் ஒரே நாளில் போக மாட்டேன். பதியத்தலாவையில் அன்று காதில் விழுந்ததுதான் எனக்கு இப்போது சரியாகப் படுகிறது. பிபிலை, லுணுகலை வழியாகப் பதுளைக்குப் போய், அங்கே இரவு தங்கி, மறுநாள் காலை ஹட்டனுக்கு ரயில் எடுக்கலாம். லுணுகலைப் பக்கமும் வளைவுகள் உண்டு, என்றாலும் அன்றைய நாள் அத்தோடு முடிந்துவிடும். ரயிலில் கழிப்பறையும் இருக்கிறது, எழுந்து நிற்கவும் இடம் கிடைக்கலாம். மழைக் காலத்தில் மண்சரிவால் வீதியும் தண்டவாளமும் மூடப்படுவதுண்டு என்பதால் புறப்படும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். கண்டி வழியாகத்தான் போக வேண்டும் என்பவர்கள் கண்டியிலோ ஹட்டனிலோ ஓர் இரவு படுத்தெழும்பட்டும். எப்படிப் போனாலும் நல்லதண்ணிக்குப் பகல் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்து, அன்றிரவு ஏறாமல், ஒரு முழுத் தூக்கம் தூங்குவது என்னைப் போன்ற கரையோரத்து உடம்புகளுக்கு அவசியம்.

பாதியில் திரும்பி வந்த அன்று பகல் முழுவதும் தூங்கினேன். எழும்பியபோதெல்லாம் உப்புக் கஞ்சியும் தேநீரும் குடித்தேன், வீட்டுக்கு அழைத்து அக்காவிடம் ஒரு பொய் சொன்னேன், மறுபடியும் தூங்கினேன். இரவு ஒன்றரைக்குக் கீழே இறங்கி வந்தபோது, அந்த ஐயா வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டு, "மெதுவாப் போங்கம்மா, மல எங்கயும் போகாது" என்றார். முதல்நாள் திறக்காத அதே போத்தலில் பாதியைத் தோரணத்தை அடையும் முன்பே குடித்து முடித்திருந்தேன். சமாதானத் தூபிக்கு அருகில் இருந்த கடையில் மறுபடி நிரப்பிக்கொண்டு ஏறத் தொடங்கினேன்.